தலைநகரில் மூன்று நாள்

என் நண்பர் ஒருவர் சென்ற வருஷம் தன்னந்தனியாக ரோமாபுரிக்குப் போய் ஏழு நாள் சுற்றிவிட்டு வந்தார். வந்த பிறகு ஏழு மாதமாக அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார். 'கொலோசியம்' என்று அவர் வாயைத் திறந்ததுமே அவருடைய மனைவி காப்பி கலக்கிற சாக்கில் சமையலறைக்குள் போய்விடுகிறாள். அகப்பட்டுக்கொள்வது நான்தான்.

ஆனால் அவர் சொன்னவற்றில் இரண்டு விஷயங்கள் என் மனசில் தங்கிவிட்டன. கொலோசியத்தின் கற்களைப் பெயர்த்துப் பல நூற்றாண்டுகள் அரண்மனைகளும் மாதா கோவில்களும் கட்டிக்கொண்டார்களாம். ஃபோரம் என்று ஓர் இடம். பெரிய சாம்ராஜ்யத்தின் செனட் சபை கூடிய இடம். அது மண் மூடிப் போய் வெகு காலம் மாடு மேய்க்கும் வெளியாகக் கிடந்ததாம். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்திருந்த பெயரே 'மாட்டு வெளி' என்றுதானாம்.

"நீரும் ஒரு தலைநகரத்தைத் தனியாகப் போய்ப் பார்க்க வேண்டும், ஐயா. கூட ஆள் இருந்தால் பேச்சில் போய்விடும், ஒன்றும் கண்ணில் படாது" என்றார் நண்பர்.

எனக்குச் சுருக்கென்றது. காரணம் அவருக்குத் தெரியாது. நான் ஒரு தலைநகரத்தை ஐம்பத்திரண்டு வாரம் வர்ணித்தவன். அதன் வீதிகளில் தேர் ஓட்டியிருக்கிறேன். அதன் உப்பரிகைகளில் நிலவு காய வைத்திருக்கிறேன். ஆனால் அந்த ஊரில் என் கால் பட்டதே கிடையாது.

1983-இல் ஒரு வாரப் பத்திரிகையில் சரித்திரத் தொடர்கதை எழுதினேன். அகிலனுடைய 'வேங்கையின் மைந்த'னைப் படித்துவிட்டு ராஜேந்திர சோழன் மேல் பித்தாய்த் திரிந்த கூட்டத்தில் நானும் ஒருவன். கதை முழுவதும் கங்கைகொண்ட சோழபுரத்தில் நடக்கிறது. என்னிடம் இருந்தவை நூலகத்திலிருந்து எடுத்த இரண்டு புத்தகங்களும் ஏராளமான பெயரடைகளும். "ஊரைப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்களேன்" என்று ஆசிரியர் பஸ் சார்ஜும் கொடுத்தார். நான் போகவில்லை. பார்த்துவிட்டால் கற்பனைக்கு இடைஞ்சல் என்று ஒரு தத்துவம் சொன்னேன். பஸ் சார்ஜைத் திருப்பிக் கொடுக்கவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தொடர் முடிகிற சமயத்தில் ஒரு கார்டு வந்தது. கங்கைகொண்ட சோழபுரத்தை ஒட்டிய கிராமத்திலிருந்து ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர் எழுதியது. முத்து முத்தான கையெழுத்து. வணக்கம், பாராட்டு எல்லாம் முறையாகச் சொல்லிவிட்டுக் கடைசியில் இப்படி எழுதியிருந்தார்:

"தங்கள் கதாநாயகி கொள்ளிடத்தில் நீராடிவிட்டு ஈரப் புடவையுடன் அரண்மனைக்குள் நுழைகிறாள். கொள்ளிடம் இங்கிருந்து ஐந்து மைல். புடவை வழியிலேயே உலர்ந்துவிடும். ஒருமுறை வந்து பார்க்க வேண்டுகிறேன். தங்க இடம் உண்டு."

அப்போது எனக்கு வாரத்துக்கு முப்பது கடிதம் வந்துகொண்டிருந்தது. முக்கால்வாசி, கதாநாயகியை யாருக்குக் கட்டிக்கொடுக்கப் போகிறேன் என்று கேட்டு வந்தவை. அவற்றுக்கெல்லாம் பதில் போட்டேன். இந்தக் கார்டுக்கு மட்டும் போடவில்லை. ஆனால் கிழித்துப் போடவும் முடியவில்லை. நாலு வீடு மாறியும் அது என் கூடவே வந்தது.

ரோமாபுரிப் பேச்சு முற்றிய ஒரு நாள், அந்தக் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழும்பூரில் ரயில் ஏறினேன். சென்ற மாசி மாதம். "துணைக்கு வரட்டுமா?" என்று கேட்ட பையனிடம், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அரியலூரில் இறங்கினேன். எங்கள் தலைமுறைக்கு அரியலூர் என்றால் முதலில் 1956 நவம்பரில் மருதையாற்றில் விழுந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ்தான் ஞாபகம் வரும். லால் பகதூர் சாஸ்திரி அதற்குப் பொறுப்பேற்று மந்திரிப் பதவியை விட்டதை எங்கள் வீடுகளில் கதையாகச் சொல்வார்கள். இன்றைக்கு அந்த ஊரைப் பார்க்கிறவனுக்கு சிமெண்டுதான் தெரியும். லாரிக்குப் பின்னால் லாரி, அதற்குப் பின்னால் எங்கள் பஸ். ஜயங்கொண்டம் நெருங்க நெருங்கச் செம்மண்ணும் முந்திரித் தோப்புமாக மாறியது. ஜயங்கொண்டத்தில் ஒரு விடுதியில் பெட்டியைப் போட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன்.

கோவில், சாலையிலிருந்தே தெரிகிறது. ஊர் ஒன்றும் இல்லாத சமவெளியில் அவ்வளவு பெரிய விமானம் திடீரென்று எழுந்து நிற்பதைப் பார்த்ததும், யாரோ பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்ப்பது போல இருந்தது. தஞ்சாவூரைவிட உயரம் குறைவு. 53 மீட்டர் என்கிறது யுனெஸ்கோ குறிப்பு. தஞ்சாவூர்க் கோபுரம் நிமிர்ந்து விறைத்து நிற்கும். இது மேலே போகப் போக வளைந்து ஒடுங்குகிறது. அப்பன் கட்டியதைவிட உயரமாகக் கட்ட ஆள்பலமும் பணபலமும் உள்ளவன், வேண்டுமென்றே ஒரு படி குறைத்துக் கட்டினான் என்று சொல்கிறார்கள். அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நம்பப் பிரியமாக இருக்கிறது.

அன்றைக்கு வெகு நேரம் வடபுறத்து வாசற்படி அருகிலேயே நின்றுவிட்டேன். அங்கே சண்டேசுவரருக்குச் சிவபெருமான் கொன்றை மாலையைத் தலையில் சுற்றிக் கட்டுகிற சிற்பம் இருக்கிறது. பக்கத்தில் பார்வதி. மாலை கட்டுகிற கைகளைப் பாருங்கள்; பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்குத் தலைவாரி விடுகிற கை அது. குனிந்து கைகூப்பியிருக்கிறவர் முகத்தில் ஒரு நிம்மதி. அது சண்டேசர் மட்டுமல்ல, கங்கை வரை படை நடத்தித் திரும்பிய ராஜேந்திரனே அப்படி உட்கார்ந்திருக்கிறான் என்று சொல்கிறவர்கள் உண்டு. ஐம்பத்திரண்டு வாரத்தில் நான் ஒரு தடவைகூட அவனைக் குனிய வைத்ததில்லை. எப்போதும் வாளை உருவிக்கொண்டே நின்றான், பாவம்.

சிங்க முகக் கிணற்றையும் தாமரை மேல் அமைந்த நவக்கிரகத்தையும் சட்டென்று பார்த்து முடித்தேன். பள்ளிக்கூடத்துச் சுற்றுலாப் பிள்ளைகள் இருநூறு பேர் வந்துவிட்டார்கள். வெளியே டீக்கடையில் கார்டை எடுத்துக் காட்டினேன்.

கடைக்காரர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "நம்ம வாத்தியாருங்க! அவரு போயிப் பத்து வருசத்துக்கு மேலாச்சுங்களே, ஐயா. மக இருக்குது. இப்படியே தெக்கால போங்க, வேப்பமரத்து வீடு."

போகாமல் திரும்பிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. டீக்கு மேல் இன்னொரு டீயும் குடித்தேன். பிறகு போனேன்.

ஐம்பத்தைந்து, அறுபது வயசு இருக்கும் அந்த அம்மாளுக்கு. திண்ணையில் புளி ஆய்ந்துகொண்டிருந்தார். என் பெயரைச் சொன்னதும் முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"வாங்க, சார். உட்காருங்க" என்று பாயை விரித்தார். சொம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, கார்டை வாங்கி அப்பாவின் கையெழுத்தைத் தடவிப் பார்த்தார். "இது வந்து சேந்துச்சா? சேரலையோன்னு நெனைச்சுட்டிருந்தார். தபால்காரரை ரொம்ப நாள் கேட்டுக்கிட்டே இருந்தார், சார். அப்புறம் விட்டுட்டார். எழுதறவங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்னு அவரே சொல்லிக்கிட்டார்."

அதில் குற்றம் சாட்டுகிற தொனியே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

உள்ளே போய் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து எதையோ எடுத்துக்கொண்டு வந்தார். அந்தக் காலத்தில் வாரப் பத்திரிகையிலிருந்து தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்து, ஊசி நூல் போட்டுத் தைத்து, அட்டை கட்டி வைப்பார்களே, அந்த மாதிரி ஒரு பைண்டு. என் தொடர்தான். பிரித்தேன். ஓரங்களிலெல்லாம் பென்சில் எழுத்து. முதல் அத்தியாயத்திலிருந்து கடைசி அத்தியாயம் வரை, பிள்ளைகளின் பரீட்சைத் தாள் திருத்துகிற மாதிரி, அவர் என்னைத் திருத்தி வைத்திருந்தார்.

"இதை எனக்குத் தர முடியுமா?" என்று கேட்டேன். என்ன விலை என்றும் கேட்கப் போனேன். நல்ல வேளை, கேட்கவில்லை.

"தர மாட்டேன், சார்" என்றார் அந்த அம்மாள் நேராக. "அப்பா எழுத்து வேற எங்கயும் இல்ல. நாளைக்கு எடுத்துட்டுப் போயிப் பாத்துட்டு, பொழுதுபோறதுக்குள்ள குடுத்துடுங்க."

ரோமாபுரிக்குப் போன என் நண்பர் கையில் ஓர் ஆங்கில வழிகாட்டிப் புத்தகம் இருந்தது. இரண்டாம் நாள் என் கையில் இருந்தது இந்தப் பைண்டு. இப்படி ஒரு வழிகாட்டியோடு எந்த யாத்திரிகனும் எந்தத் தலைநகரத்தையும் பார்த்திருக்க மாட்டான்.

முதல் அத்தியாயம். 'நவரத்தினம் இழைத்த சலவைக்கல் மாளிகை' என்று எழுதியிருக்கிறேன். அடியில் பென்சில்: "செங்கல். மேலே ஓடு. குறைவொன்றும் இல்லை." அந்தக் குறிப்போடு மாளிகைமேட்டுக்குப் போனேன். கோவிலிலிருந்து ஒரு மைலுக்குச் சற்று மேல் நடை. 1980 முதல் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அங்கே பல தடவை தோண்டியிருக்கிறது. 2021-க்குப் பிறகும் தோண்டினார்கள். கனமான செங்கல் சுவர்கள் தரைக்குக் கீழே நேர் கோடாய்ப் போகின்றன. மரத் தூண்கள் நின்ற கல் பீடங்கள் இருக்கின்றன. கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. கங்கையும் கடாரமும் கொண்டவன் வீடு, நம் பாட்டனார் வீட்டைப் போல ஓட்டு வீடு! மழை பெய்தால் அங்கேயும் ஓடு மாற்ற ஆள் தேடியிருப்பார்கள். இந்த ஒரு வரி 1983-இல் எனக்குத் தோன்றியிருந்தால் கதையே வேறு மாதிரி ஆகியிருக்கும்.

மேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கிழவி ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு 'மாட்டு வெளி' ஞாபகம் வந்தது.

பதினோராம் அத்தியாயத்தில் கதாநாயகன் மலைச்சாரலில் ஒளிந்துகொள்கிறான். பென்சில்: "இங்கே மலை கிடையாது. கோவிலுக்குக் கல்லே வெளியிலிருந்து வந்தது." இருபதாவதில் நான் வீதிகளுக்கு 'மன்மத வீதி', 'மரகத வீதி' என்றெல்லாம் பெயர் வைத்திருந்தேன். பென்சில்: "கல்வெட்டில் இராசராசன் பெருந்தெரு, இராசேந்திரன் பெருந்தெரு என்று இருக்கிறதே." அரண்மனைக்கும் பெயர் எழுதியிருந்தார்: சோழகேரளன் திருமாளிகை. இந்தக் கல்வெட்டுச் செய்திகளெல்லாம் எனக்கு எட்டாத ரகசியங்கள் அல்ல. நூலகத்திலிருந்து எடுத்த புத்தகங்களை நான் கடைசி வரை படிக்கவில்லை, அவ்வளவுதான்.

முப்பதாம் அத்தியாயத்து ஓரத்தில் ஒரு படமே போட்டிருந்தார். சுற்றியுள்ள ஊர்களின் படம். உட்கோட்டை, மெய்க்காவல்புத்தூர், ஆயுதக்களம், சுண்ணாம்புக்குழி. கோட்டை போய்விட்டது, உட்கோட்டை இருக்கிறது. மெய்க்காவல் வீரர்கள் போய்விட்டார்கள். அவர்கள் குடியிருந்த ஊரின் பெயர் பஸ் பலகையில் வருகிறது. மதில் எழுப்பச் சுண்ணாம்பு எடுத்த குழி ஒரு கிராமமாகிவிட்டது. சுமார் 250 வருஷம் சோழ நாட்டுக்குத் தலைநகரமாக இருந்த ஊர், பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டியர் கை ஓங்கி, சோழ வமிசம் முடிந்ததோடு பாழாயிற்று. அதைச் சுமந்துகொண்டிருப்பவை இந்தப் பெயர்கள்தாம். மத்தியான வெயிலில் இந்த ஊர்களில் ஒவ்வொன்றாக நடந்தேன். தனியாகப் போனதில் ஒரு சௌகரியம்: எதற்காக நின்றீர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

எல்லாம் கண்டிப்புத்தான் என்று நினைக்க வேண்டாம். நாற்பத்தோராம் அத்தியாயத்தில் கதாநாயகியின் தகப்பன் இறந்த செய்தி வருகிறது. அவள் அழாமல் விளக்குத் திரியைத் தூண்டி விடுகிறாள். அந்த ஓரத்தில் பென்சில்: "இந்த இடம் நன்றாக இருக்கிறது." எனக்கு எத்தனையோ மாலைகளும் பொன்னாடைகளும் போட்டிருக்கிறார்கள். மாளிகைமேட்டு வேலிப் பக்கம் உட்கார்ந்து அந்த நாலு சொல்லைப் படித்தபோது ஏற்பட்டது வேறு.

ஆனால் கடைசிக்கு முந்தின அத்தியாயத்தில் ஒரு குறிப்பு. மற்றவற்றைவிட அழுத்தி எழுதியது. "ஏரியை மறந்துவிட்டீர்களே."

ஆமாம், மறந்துதான் போனேன். ஐம்பத்திரண்டு வாரம், ஓர் ஏரி இல்லை. கங்கையிலிருந்து தோற்ற மன்னர்கள் தலையில் குடம் குடமாக வந்த நீரைக் கொண்டு, சோழகங்கம் என்று பெயரிட்டு, ராஜேந்திரன் ஓர் ஏரி அமைத்தான். அதை நீராலான வெற்றித் தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்கிறது. மற்ற அரசர்கள் ஜயஸ்தம்பத்தைக் கல்லில் நட்டார்கள். இவன் தண்ணீரில் நட்டான். அதன் கரை 16 மைல் நீளம் ஓடியதாகப் போன நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டில் எழுதி வைத்திருக்கிறார்கள். இப்போது பொன்னேரி என்று பெயர். சாயங்காலம் கரை மேல் ஏறினேன். பழைய ஏரியில் பெரும் பகுதி மேடும் காடும் வயலுமாகிவிட்டது. மிச்சம் கிடந்த தண்ணீரில் இரண்டு எருமைகள் மூக்கு மட்டும் தெரியப் படுத்திருந்தன. வாள், முடி, யானை, குதிரை எல்லாம் எனக்குத் தோன்றின. குடிக்கிற தண்ணீர் தோன்றவில்லை. அந்த வாத்தியார் வீட்டுக் கிணறு இந்த ஏரி ஊற்றில்தான் ஊறியிருக்க வேண்டும்.

பொழுது சாய்வதற்குள் பைண்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நாளைக்கு ஊருக்கா, சார்?" என்றார் அந்த அம்மாள். "இல்லை, இன்னும் ஒரு இடம் பாக்கி" என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் பஸ்ஸில் அணைக்கரைக்குப் போனேன். அங்கேதான் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை இருக்கிறது, 1836-இல் கட்டியது. கட்டுகிறபோது, கங்கைகொண்ட சோழபுரத்துக் கோவிலின் மதிலை இடித்துக் கல்லைக் கொண்டுபோனார்கள். 1855-இல் வெளியான ஓர் ஆங்கில கெசட்டியரே இதை ஒளிக்காமல் சொல்கிறது. ஊர் ஜனங்கள் தடுத்துப் பார்த்தார்கள், தண்டனைதான் கிடைத்தது. கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்னார்கள்; கட்டித் தரவில்லை. கொலோசியத்துக் கதையேதான்.

பாலத்தின் மேல் நின்று நெஞ்சு நிறையச் சபிக்கலாம் என்றுதான் வந்தேன். முடியவில்லை. கீழணைத் தண்ணீர்தான் வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போகிறது. வீராணத்துத் தண்ணீர் 2004 முதல் குழாயில் சென்னைக்கு வருகிறது. கோவில் மதிலை இடித்துத் தேக்கிய நீரில் நானும் பல வருஷமாகக் காப்பி போட்டுக் குடித்துக்கொண்டிருக்கிறேன். ஆகையால் பாதி சாபத்தோடு படித்துறைப் பக்கம் இறங்கிவிட்டேன்.

தண்ணீர் இடுப்பளவு இருந்தது. மூன்று முழுக்குப் போட்டேன். கரையேறி, வேட்டியைப் பிழியாமல் அப்படியே சொட்டச் சொட்டக் கட்டிக்கொண்டு, வடக்கே பார்த்து நடக்க ஆரம்பித்தேன். பஸ்கள் ஒலி எழுப்பிக்கொண்டு போயின. சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கி, "என்னாங்க, ஐயா, துணி கிணி திருடு போயிடுச்சா?" என்று அக்கறையாகக் கேட்டார். "இல்லை, ஒரு கணக்குச் சரிபார்க்கிறேன்" என்றேன். அவர் வேகமாக ஏறி மிதித்துவிட்டார்.

முதல் மைலில் வேட்டி காலோடு ஒட்டி நடை தடுக்கியது. கதாநாயகிக்கு இந்தச் சங்கடமும் இருந்திருக்கும். அதையும் நான் எழுதவில்லை. இரண்டாவது மைலில் காற்று எடுத்தது. மூன்றாவது மைல் வருவதற்குள் கரை ஓரம்கூட உலர்ந்து, மொடமொடவென்று சத்தம் கேட்டது. பிறகு வியர்வையில் மறுபடி நனைந்தது. அதைக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. சாலைத் திருப்பத்தில் விமானத்தின் உச்சி தெரிந்தபோது என் கால் இரண்டும் என்னுடையவையாக இல்லை.

வேப்பமரத்து வீட்டுத் திண்ணையில் போய் விழுந்தேன். அந்த அம்மாள் என் கோலத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் விசிறியைக் கொடுத்தார்.

"அந்த பைண்டை ஒரு நிமிஷம் கொண்டுவாருங்கள், அம்மா. பென்சில் ஒன்றும் வேண்டும்."

பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒரு பென்சில் வந்தது. முனை உடைந்திருந்தது. அவரே அரிவாள்மணையில் சீவிக் கொடுத்தார். ஈரப் புடவை அத்தியாயத்தைத் தேடிப் பிரித்தேன். கார்டில் எழுதியதையே அங்கேயும் எழுதியிருந்தார்: "ஐந்து மைல். உலர்ந்துவிடும்." அதற்குக் கீழே தேதி போட்டு எழுதினேன்:

"ஐயா, ஐந்து மைல் சரி. மூன்றாவது மைலிலேயே உலர்ந்துவிட்டது. பதிலுக்குத் தாமதமானதற்கு மன்னிக்க வேண்டும்."

அந்த அம்மாள் வாங்கி, இரண்டு எழுத்தையும் சேர்த்துப் படித்தார். பிறகு எழுந்துபோய்ப் பைண்டைத் தகரப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார்.

"ஜயங்கொண்டம் பஸ் வர்றதுக்கு இன்னும் அரை மணி இருக்கு, சார். மோர் சாதம் இருக்கு. ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார்.